உசிரோட இருந்த மனுசனுக்குப் போட்ட மாலை

மொதல்ல ஒண்ணச் சொல்லிப்புடுறேன். எங்க வீட்டு ஆளு உசிரோடதான் இருக்காரு. இந்தா, வாசல் திண்ணை இஸ்தோப்புல குந்திக்கிட்டு, சீனிய உள்ளங்கையில வச்சு நக்கி நக்கித் தேயிலச் சாயத்தண்ணி குடிக்கிறாரு. சீனியே தொடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. யாரு கேக்குறா? அவரு செத்துட்டாருன்னு நெனச்சு, போன்ல என்னையப் பாத்து நீங்க யாராச்சும் கண்ணீரு விட்டிருந்தா அந்தக் கண்ணீர தொடச்சிக்கங்க. வீணாப் போச்சு.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுறேன், பேத்தி எழுதுறா. நடுவுல அவ சிரிச்சிக்கிட்டே எதையாச்சும் விட்டுட்டா அது என் குத்தமில்ல. ஆனா சந்தோசமாச் சொல்லுறேன், அத மட்டும் விடாம எழுதுடி. இம்புட்டு சந்தோசமா நான் இருந்து ரொம்ப நாளாச்சு. பழி வாங்கி முடிச்சவளுக்கு வர்ற சந்தோசம் இருக்கே, அது தீவாளிக்குக் கூட வராது.

டயகம போற ரோட்டுல இருந்து மேல ஏறுனா எங்க தேயிலத் தோட்டம். அங்கதான் தொப்பிக்காரரு வந்தாரு. பேரு சொல்ல மாட்டேன். சொன்னா அவருக்குச் சந்தோசமாப் போயிரும். கொழும்புப் பக்கத்து ஆளு, தமிழ் ஆளுதான். வெள்ளத் தொப்பி ஒண்ணு எந்நேரமும் தலையில இருக்கும். மழையோ வெயிலோ கழட்டுறதில்ல. படம் எடுக்குறவரு, வெளிநாட்டுல எல்லாம் பரிசு வாங்குனவருன்னு கணக்கப்புள்ள சொன்னாரு. மலையில வாழுற பொம்பளைங்களப் பத்தி எடுக்க வந்திருக்காராம்.

நாங்க மலையில நின்னு கொழுந்து பறிக்கிறோம். அன்னைக்குன்னு பாத்து ஒருத்திக்குக் காதுக்குப் பின்னாடி அட்ட ஏறிருச்சு. அவ குதிச்ச குதி இருக்கே! நாங்க எல்லாம் சிரிச்சு சிரிச்சு வயித்தப் புடிச்சிக்கிட்டோம். தொப்பிக்காரரு என்கிட்ட பேசுன மொதப் பேச்சு என்ன தெரியுமா?

"சிரிக்காதீங்கம்மா, கேமரா ஓடுது."

சிரிக்காம எப்புடிங்க அந்த வேலை செய்யிறது? பனியில கை வெரச்சுக் கெடக்கும். கங்காணி ஒரு பக்கம் கத்துவாரு. சிரிக்கலைன்னா மத்தியானத்துக்குள்ள நாங்க செத்திருப்போம். சரி, படக்காரரு சொல்லுறாரேன்னு வாய மூடிக்கிட்டேன்.

அப்புறம் பாட்டுக் கேட்டாரு. எனக்குப் பாட்டுன்னா கேக்கவா வேணும்! நலுங்குப் பாட்டு எடுத்து விட்டேன். மாப்பிள வீட்டுக்காரிய பொண்ணு வீட்டுக்காரி வையிற பாட்டு. மூக்கு, பல்லு, நட ஒண்ணு விடாம கிண்டல் பண்ணிப் பாடுறது. அவரு கைய ஆட்டி நிப்பாட்டிட்டாரு.

"இது வேணாம்மா. சோகமா ஒண்ணு பாடுங்க. ஒப்பாரி வருமா?"

வருமாவா? இந்தப் பக்கத்துல எழவு விழுந்தா மொதல்ல எனக்குத்தான் ஆளு அனுப்புவாங்க. ஆனா ஒரு மொற இருக்குல்ல. சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வாயில வரக்கூடாது. நாங்க வரிசையாக் குடியிருக்குற லயத்துப் பக்கமே கூடாது. வேணும்னா மேட்டுக்கு வாங்கன்னு கூட்டிட்டுப் போனேன். மேட்டுலதான் எங்க அம்மாவப் பொதச்சிருக்கு. இப்ப அந்த எடத்தச் சுத்தி தேயிலைதான் நிக்கிது. அங்க குந்தி, மண்ணத் தொட்டுக் கும்புட்டு, எங்க அம்மாவுக்குப் பாடுனத்தான் பாடுனேன்.

"மேட்டுல பனி எறங்குதம்மா - என்
தாயே, ஒனக்குப் போர்வ தந்தது யாரு
கொழுந்துக் கூட மீந்திருக்கு ஆணியில - அதுல
ஒன் வேர்வ வாசம் போகலையே"

அழுகை வந்திருச்சு. வராம இருக்குமா? தலைமுடிய அவுத்து விடச் சொன்னாரு. அம்மாவுக்குத்தானேன்னு அவுத்தேன்.

எறங்கி வந்து வீட்டுக்குள்ள போகல. ஒப்பாரி வச்சவ தல முழுகிட்டுத்தான் வாசல மிதிக்கணும். நேரா மலைத்தண்ணி கொட்டுற பீலிக்குப் போய் தண்ணியில நின்னேன். பனிக்கட்டி மாதிரி ஊத்துது. எங்க ஆளு வெறகு அடுப்புல தண்ணித் தகரத்தப் போட்டுச் சுட வச்சுத் தூக்கிட்டு வந்தாரு.

"பைத்தியக்காரி, சினிமாவுக்குப் போயி சளியப் புடிச்சிட்டு வரப்போறா" ன்னு திட்டிக்கிட்டே ஊத்துனாரு.

இந்த மனுசனத்தாங்க அந்த ஆளு சாகடிச்சான்.

சாயங்காலம் லயத்துல இருக்குற எங்க காம்பரா வீட்டுக்கு வந்தாரு தொப்பிக்காரரு. நான் ரொட்டி சுட்டு, கட்ட சம்பல் இடிச்சுக் குடுத்தேன். நல்லாத்தான் தின்னாரு. எங்க ஆள கதவோரமா நிக்க வச்சு போட்டோ ஒண்ணு புடிச்சாரு. எங்க ஆளு சட்டைப் பொத்தானக் கழுத்து வரைக்கும் பூட்டிக்கிட்டு, வாயெல்லாம் பல்லா நின்னாரு.

"ஐயா, சிரிக்காம நில்லுங்க."

அவருக்கும் அதே பேச்சு.

கொஞ்ச காலம் கழிச்சு, அட்டன் டவுன்ல ஒரு மண்டபத்துல படம் போடுறாங்க, வாங்கன்னு சொல்லி அனுப்புனாங்க. மாம்பழக் கலரு சீல உடுத்திக்கிட்டேன். எங்க ஆளு வேட்டி. ஓர்ப்படியாவும் கூட வந்தா. அவ எங்க ஆளோட தம்பி பொண்டாட்டி, பக்கத்துக் காம்பரா. பாவம், புருசன் போயி ரொம்ப வருசமாச்சு. லயத்துல பாதிப் பேரு பஸ் ஏறிட்டாங்க. என்னையத் திரையில பாக்கப் போறோம்னு பஸ்ஸெல்லாம் ஒரே கும்மாளம்.

வெளக்கு அணைஞ்சுச்சு. மொதல்ல மல, மூடுபனி, அப்புறம் நான். தலவிரி கோலமா அழுகுறேன். பாட்டுல "தாயே"ங்குறது மட்டும் இல்ல. எப்புடியோ வெட்டி எடுத்துட்டாங்க. போர்வ, வேர்வ, ஆணியில தொங்குற கொழுந்துக் கூட, இதெல்லாம் மட்டும் இருக்கு. அதுக்கு மேல ஒரு பொம்பள செய்தி வாசிக்கிற மாதிரி பேசுறா. இவளது கணவன் குடித்தே மாண்டான். இவளுக்கு எஞ்சியது கண்ணீர் மட்டுமேன்னு. குடியா? எங்க ஆளு சாராயத்த மோந்து பாத்தாலே தும்முவாரு!

அப்புறம் வந்துச்சு பாருங்க அந்த போட்டோ. கழுத்து வரைக்கும் பொத்தான் பூட்டுன எங்க ஆளு. சுத்தி மாலை. முன்னால ஒரு வெளக்கு எரியுது.

எங்க ஆளு என் காதுகிட்ட குனிஞ்சு, மெதுவாக் கேட்டாரு.

"ஏ புள்ள, நான் எப்ப செத்தேன்?"

பின்னாடி எவனோ கெக்கெக்கேன்னு சிரிச்சான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு.

படம் முடிஞ்சதும் எல்லாரையும் தள்ளிக்கிட்டு முன்னால போனேன். தொப்பிக்காரரு கழுத்துலயும் மாலை, பக்கத்துலயும் மாலை போட்ட ஆளுங்க.

"ஐயா, இவரு உசிரோட நிக்கிறாரு. நல்லாப் பாருங்க."

அவரு என் தோள்ல கைய வச்சு, கொழந்தைக்குச் சொல்லுற மாதிரி சொன்னாரு. "அம்மா, இது உங்க கதை மட்டுமில்ல. மலையகப் பெண்கள் எல்லாரோட சோகம். நீங்க ஒரு குறியீடு."

குறியீடுன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. பஸ்ல வரும்போது ஒரு வாத்தியாரம்மாகிட்ட கேட்டேன். அடையாளம் மாதிரிம்மான்னாங்க. அடையாளம் வைக்கிறது மாட்டுக்குத்தானே? எனக்கு எதுக்கு?

அதுக்கப்புறம் எங்க ஆளுக்கு மாலக்காரருன்னு பேரு விழுந்திருச்சு. "என்ன மாலக்காரரே, எமன் லீவு குடுத்துட்டானா?" காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக் களத்துல நின்னு கேப்பானுங்க. அவரும் கூடச் சேந்து சிரிப்பாரு. ஆனா அன்னையில இருந்து போட்டோவுக்கு நிக்கிறதில்ல. பேரன் பொறந்தநாளுக்கு எல்லாரும் வரிசையா நின்னா, தண்ணி எடுக்கப் போறேன்னு நழுவிருவாரு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

அதக்கூடப் பொறுத்துக்கிட்டேன். இதப் பொறுக்க முடியல.

சில வருசம் கழிச்சு ஓர்ப்படியா மகளுக்குக் கல்யாணம். மஸ்கெலியா பக்கத்து மாப்பிள. ஓர்ப்படியா தாலி இல்லாதவ, நலுங்குத் தட்டத் தொட மாட்டா. எங்க பக்கத்துல அப்புடித்தான். கட்டுக்கழுத்திங்கதான் சந்தனம் பூசணும். அதனால, "அக்கா, பெத்தவ எடத்துல நீங்க நின்னு மொதல்ல பூசுங்க" ன்னு கைய புடிச்சுக் கேட்டா. நானும் குளிச்சு, பூ வச்சு, கிண்ணத்துக்குக் கைய நீட்டுனேன். மாப்பிளையோட அம்மா, மஸ்கெலியாக்காரி, படக்குன்னு தட்டப் பின்னால இழுத்துட்டா.

"என்ன சம்பந்தி?"

"கோவிச்சுக்காதீங்க. நீங்க... படத்துல பாத்தோமே. அவரு தவறிட்டாரே."

"அந்தா வாழ எல போட்டுக்கிட்டு நிக்கிறாரு, அவருதான் அவரு!"

"இருக்கலாம். ஆனா ஊரே பாத்து அழுதிருக்கு. தாலி அறுத்த கோலத்துல அழுத மொகம். நல்ல காரியத்துக்கு அது எதுக்கு?"

எங்க ஆளு வாழ எலயோட அப்புடியே நின்னுட்டாரு. ஓர்ப்படியா செவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. வேற ஒருத்தி வந்து சந்தனம் பூசுனா. அன்னைக்கு நெனச்சேன். தொப்பிக்காரா, ஒனக்கு இருக்குடா.

இதுக்கு நடுவுல ஒண்ணு சொல்லணும். தேயிலத் தோட்டத்துப் பொம்பளைய எந்தப் படத்துல பாத்திருக்கீங்க? நான் டிவியில நெறையப் பாத்திருக்கேன். ஒண்ணு, மழையில நனைஞ்சுக்கிட்டு இடுப்ப ஆட்டுவா. சேத்துல நின்னாலும் பாதத்துல ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. இல்லைன்னா தொரை அவளக் கெடுத்துருவாரு, அவ ஆத்துல குதிப்பா. அதுவும் இல்லைன்னா குடிகாரன் அடிப்பான், அவ அழுவா. அம்புட்டுத்தான். எங்க தோட்டத்துல ஒருத்தி இருக்கா, கங்காணிய எதுத்துப் பேசியே அவருக்கு ரத்தக் கொதிப்பு வர வச்சவ. அவள எவனாச்சும் எடுப்பானா? சாவுற வரைக்கும் எடுக்க மாட்டான்.

சரி, கதைக்கு வர்றேன்.

கீழ் லயத்துல ஒரு புள்ள. படிக்கக் கொழும்புக்குப் போயி, அங்கேயே கேமரா தூக்கக் கத்துக்கிட்டு வந்திருந்தா. காற்சட்ட, கிராப்பு முடி. நாங்க டைரட்டர் புள்ளன்னுதான் சொல்லுவோம். ஒரு நாளு என் காம்பராவுக்கு வந்து அடுப்படியில குந்திக்கிட்டா.

"பெரியம்மா, ஒரு படம் எடுக்கப் போறேன். நீங்க வேணும்."

"வெளக்கமாறு வேணுமா?"

அவ சிரிச்சா. "அன்னைக்கு அட்டன் மண்டபத்துல நானும் இருந்தேன் பெரியம்மா. ஸ்கூல் யூனிபார்மோட. பெரியப்பா மொகத்தப் பாத்தேன். அன்னைக்குத்தான் நானும் படம் எடுக்கணும்னு நெனச்சேன்."

"என்ன எடுக்கப் போற? அழணுமா?"

"சிரிக்கணும். நீங்க நலுங்குல பாடுற கிண்டல் பாட்டெல்லாம் வேணும். நீங்க எப்புடித் தெரியணும்னு நீங்களே சொல்லுங்க."

அவ மடியில வைக்கிற கம்பியூட்டர்ல ஒரு படம் போட்டுக் காட்டுனா. ஏதோ மணலு நாடு. ஒரு பொம்பளதான் எடுத்ததாம். அதுல ஒரு கெழவி ஆடு வாங்கச் சந்தைக்குப் போறா. பேரம் பேசுறா, பேரம் பேசுறா, படம் முடியிற வரைக்கும் பேரம் பேசுறா. யாரும் சாகல. யாரும் அவளத் தொடல. கடைசியில ஆட்ட இழுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறா. ஆடு அவ சீலையத் தின்னுது. நான் கண்ணுல தண்ணி வர வர சிரிச்சேன்.

"அந்த நாட்டுலயும் தொப்பிக்காரனுங்க இருப்பானுங்களா?"

"எல்லா நாட்டுலயும் இருக்காங்க பெரியம்மா. தொப்பிதான் வேற வேற."

"அப்ப நம்ம படத்துல அவனக் காட்டணும். தொப்பியோட. அவன் மூக்க ஒடைக்கிற மாதிரி."

"பழி வாங்குற படம் நான் எடுக்க மாட்டேன்."

"பின்ன என்னத்துக்குடி எடுக்குற? ஊரு என்னைய தாலி அறுத்தவன்னு சொல்லுது. நான் கட்டுக்கழுத்தின்னு எல்லாருக்கும் தெரியணும்."

அவ சுருக்குன்னு நிமிந்தா. "தாலி இருக்குன்னு நிரூபிக்கவா நான் கேமரா தூக்குறேன்? உங்க ஓர்ப்படியா சொந்த மகளுக்கு ஒரு விரல் சந்தனம் வைக்கல. அவங்க கைய அந்தத் தட்டு கடிச்சிருமா? அதப் பத்தி உங்களுக்குக் கோவமே வரலையே."

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! பொட்டப்புள்ள, நேத்து மூக்க ஒழுகிக்கிட்டுத் திரிஞ்சவ, எனக்குச் சொல்லுறா. எந்திரிச்சுப் போடின்னுட்டேன். அவளும் போயிட்டா. கத்துனதுல ரொட்டி வேற கருகிருச்சு.

சாயங்காலம் ஓர்ப்படியா வெறகு கட்டிக்கிட்டு இருந்தா. "அன்னைக்கு நலுங்குல ஒனக்கு என்னடி மனசுல இருந்துச்சு?" ன்னு கேட்டேன். அவ வெறகுக் கயித்த இறுக்கிக்கிட்டே, "உங்களையும் எங்கூட சேத்துட்டாங்களேன்னு இருந்துச்சுக்கா" ன்னா. அவளுக்காக அவ ஒண்ணும் சொல்லல. மறுநா நானே கீழ் லயத்துக்கு எறங்கிப் போயி, டைரட்டர் புள்ளைய வரச் சொன்னேன்.

படம் எடுத்தா. அட்டக் கதையெல்லாம் சொல்ல வச்சா. மழை பெஞ்சா நிப்பாட்டல, தார்ப்பாய்ப் படங்கத் தலையில போட்டுக்கிட்டு நாங்க வையிறதையும் எடுத்தா. எங்க ஆளு மட்டும் கேமராவக் கண்டா கோழி மாதிரி ஒளிஞ்சிருவாரு. அவ வற்புறுத்தல. "பெரியப்பா வேணாம்னா வேணாம்" ன்னா. அது எனக்குப் புடிச்சிருந்துச்சு.

கொட்டகலையில ஒரு மண்டபத்துல மொத தடவ காட்டுறதுன்னு முடிவாச்சு. பெரிய ஆளா ஒருத்தரக் கூப்புடணும்னு பேச்சு வந்துச்சு. நான் கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டே சொன்னேன்.

"தொப்பிக்காரரக் கூப்புடு."

அவ என்னைய உத்துப் பாத்தா. "எதுக்கு?"

"பெரிய மனுசன். மாலை போடுறாங்கன்னா எங்கயும் வருவாரு."

"சண்ட போட மாட்டீங்கன்னு சத்தியம் பண்ணுங்க."

"சண்ட போட மாட்டேன். அடுப்பு மேல சத்தியம்."

சண்ட போடலையே. இப்பவும் சொல்லுறேன், நான் சண்ட போடல.

வந்தாரு. அதே வெள்ளத் தொப்பி. வயிறு மட்டும் கொஞ்சம் கூடியிருந்துச்சு. மேடையில கைவச்ச நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. மாலை போட எங்க ஆளுதான் போகணும்னு நான் முன்னமே சொல்லி வச்சிருந்தேன். மாட்டேன்னாரு. ஓர்ப்படியாதான் சொன்னா, "மச்சான், ஒரு தடவ போடுங்க. அவரு உங்களுக்குப் போட்டாருல்ல." அதுக்கப்புறந்தான் மனுசன் எந்திரிச்சாரு. சட்டைப் பொத்தானக் கழுத்து வரைக்கும் பூட்டிக்கிட்டு ஏறுனாரு. மாலையப் போட்டாரு. தொப்பிக்காரரு கையெடுத்துக் கும்புட்டு, அவரு மொகத்தப் பாத்து யோசிச்சாரு.

"உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே, ஐயா?"

"போட்டோவுல பாத்திருப்பீங்க" ன்னாரு எங்க ஆளு. சொல்லிப்புட்டு சாவகாசமா எறங்கி வந்து உக்காந்தாரு. என் கல்யாணத்துல கூட நான் அவர இம்புட்டு ஆசையாப் பாக்கல.

டைரட்டர் புள்ள என்னைய ரெண்டு வார்த்த பேசக் கூப்புட்டா. நான் ஏறுனேன். எனக்குப் பின்னாடி ஓர்ப்படியா ஏறி, ஓரத்துல எரிஞ்சுக்கிட்டு இருந்த குத்துவெளக்கத் தூக்கியாந்து தொப்பிக்காரரு காலடியில வச்சா. மாலை போட்ட ஆளு, முன்னால வெளக்கு. நான் கொண்டைய அவுத்தேன். முன்னால பாயில குந்தியிருந்த நம்ம பொம்பளைங்களுக்குப் புரிஞ்சிருச்சு. ஒருத்தி வாயில முந்தானைய அடைச்சிக்கிட்டா. நான் மார்ல ஒரு அடி அடிச்சு எடுத்தேன்.

"மாலை போட்டுச் சாஞ்ச மகராசா - ஒன்
மகிம சொல்ல ஒரு வாயி போதலையே
இருந்தவரச் சாகடிச்ச புண்ணியனே - இப்ப
இருந்தபடி போயிட்டியே கண்ணையனே"

ஓர்ப்படியா என் தோளக் கட்டிக்கிட்டு வாங்கிப் பாடுனா. கீழ இருந்த அத்தனை பொம்பளைங்களும் சேந்துக்கிட்டாங்க. தொப்பிக்காரருக்கு மொதல்ல ஒண்ணும் வெளங்கல. மலைநாட்டுப் பாட்டுன்னு நெனச்சு, முழங்கால்ல தாளம் போட்டு, தலைய ஆட்டி ரசிக்கிறாரு! நான் விடுவேனா?

"தொப்பி மட்டும் தொங்குதய்யா ஆணியில - அதப்
போட்டுக்கத் தல இல்லையே பூமியில
அழுதாத்தான் படமுன்னு சொன்னீயே - இப்ப
அழுவுறோமே, ஏன் படுத்துக் கெடக்குறே"

கை தானா போயி தொப்பியத் தொட்டுச்சு. தாளம் நின்னு போச்சு. கீழ குனிஞ்சு வெளக்கப் பாத்தாரு, மாலையப் பாத்தாரு, அப்புறம் மொத வரிசையில பொத்தான் பூட்டி உக்காந்திருக்குற எங்க ஆளப் பாத்தாரு. அப்பத்தான் அவருக்கு ஒறச்சுச்சு. மூஞ்சி அவிச்ச ஈரப்பலாக்கா மாதிரி ஆயிருச்சு. எந்திரிக்கவும் முடியல, சுத்தி ஒப்பாரி, எதுக்க டைரட்டர் புள்ளையோட கேமரா. மண்டபமே சிரிக்கிது. எங்க ஆளு சிரிச்ச சிரிப்புல பல்லு செட்டு கழண்டு மடியில விழுந்திருச்சு.

பாடி முடிச்சுக் கையெடுத்துக் கும்புட்டேன். "ஐயா, வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி தல முழுகிட்டுப் போங்க. மொற அதுதான்."

மாலையக் கழட்டி நாற்காலியில போட்டுட்டு எறங்குனாரு. டைரட்டர் புள்ளைகிட்ட போயி, "இத நீ வெளிய விடக்கூடாது. என்னை அவமானப்படுத்துறதா இருக்கு" ன்னு பல்லக் கடிச்சாரு.

அவளுக்கு என் மேல கோவம், மொகமே செவந்து கெடந்துச்சு. ஆனாலும் அவரப் பாத்து அமைதியாச் சொன்னா. "சார், இது உங்க கதை மட்டுமில்ல. நீங்க ஒரு குறியீடு."

ஐயோ சாமி! அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு அன்னைக்குத்தான் எனக்கு வெளங்குச்சு.

படத்தப் போட்டுக் காட்டி முடிச்சு வேன்ல ஏறுனதும் அந்தப் புள்ள அழுதிருச்சு. "என் படத்த யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க பெரியம்மா. உங்க ஒப்பாரியத்தான் பேசுவாங்க. சத்தியம் பண்ணீங்களே." எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுதான். ஆனா வருத்தப்பட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். லயத்துக்கு வந்தா, எங்க ஆளு முன்னமே பஸ்ல வந்து அடுப்புல தகரத்தப் போட்டு வச்சிருந்தாரு. ஓர்ப்படியாவும் நானும் பீலியில நிக்கிறோம், அவரு சுடுதண்ணி ஊத்துறாரு. "யாருடி செத்தது?" ன்னு கேட்டுக் கேட்டு ஊத்துறாரு.

அந்தப் புள்ள கொஞ்ச நாளு என்கூடப் பேசல. அப்புறம் ஒரு நாளு வந்து, கம்பியூட்டர மடியில வச்சு, அன்னைக்கு எடுத்ததக் காட்டுனா. "பெரியம்மா, இதப் படத்தோட கடைசியில வைக்கப் போறேன். எத வெட்டணும், எத வைக்கணும்? சொல்லுங்க."

"ஒண்ணும் வெட்டாத. அந்தப் பல்லு செட்ட மட்டும் அவருகிட்ட கேட்டுக்க."

எங்க ஆளு கொஞ்சம் யோசிச்சாரு. "இருக்கட்டும்" ன்னாரு. படம் போன்லயும் வந்திருச்சு, பல்லு செட்டும் அதுல இருக்கு, பாருங்க.

தொப்பிக்காரரோட பழைய படம் இன்னும் போன்ல கெடக்குதாம். எடுக்கச் சொன்னா எடுக்க மாட்டேங்குறாரு. கெடக்கட்டும். அதுக்குக் கீழ சனங்க எழுதுறத பேத்தி வாசிச்சுக் காட்டுவா. தொப்பி போட்ட டைரட்டருக்கு மாலை போட்டாரே, அந்தத் தாத்தாதானே இந்த போட்டோவுல இருக்காருன்னு எழுதுறாங்களாம். தெனமும் தேத்தண்ணிக்கு முன்னாடி அத ஒரு தடவ வாசிக்கச் சொல்லிக் கேப்பேன்.

போன மாசம் ஓர்ப்படியா மகளுக்கு வளகாப்பு. மஸ்கெலியாக்காரி தட்டத் தூக்கிக்கிட்டு நேரா என்கிட்ட வந்தா. மொகமெல்லாம் சிரிப்பு.

"சம்பந்தி, போன்ல பாத்தோம். சிரிச்சு சிரிச்சு முடியல. நீங்கதான் மொதல்ல பூசணும்."

ஒடனே எடுப்பேனா நான்? கொண்டையில பூவச் சரி பண்ணேன். வெத்தலைய மடிச்சேன். வாயில போட்டு மென்னேன். அவ கை வலிக்கத் தட்டத் தூக்கிக்கிட்டு நிக்கிறா. அப்புறம் கிண்ணத்த எடுத்து, செவத்தோரமா நின்ன ஓர்ப்படியா கையில குடுத்தேன்.

"அக்கா, வேணாம்" ன்னா அவ.

"பெத்தவ பூசுடி."

மஸ்கெலியாக்காரிக்கு மொகம் மாறிருச்சு. "சம்பந்தி, அவங்க தாலி..."

"அன்னைக்கு என்னையத் தாலி அறுத்தவன்னு நம்பித்தானே தட்ட இழுத்தீங்க? இப்ப அதே கையத் தேடித் தட்டத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. அன்னைக்கு என் கையத் தள்ளுனீங்க, இவ கையையாச்சும் விடுங்க."

மக கன்னத்த நீட்டிக்கிட்டு, "அம்மா, சீக்கிரம், இடுப்பு வலிக்குது" ன்னா. ஓர்ப்படியா ஒரு விரல்ல சந்தனத்தத் தொட்டு எடுத்தா. மக கன்னத்துல வச்சா. ஒரு பக்கம் வச்சுட்டு அடுத்த பக்கம் வைக்க மறந்து, அப்புடியே மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னா.

கிண்ணத்துல சந்தனம் நெறைய மிஞ்சியிருந்துச்சு. நான் கை நெறைய அள்ளுனேன். மஸ்கெலியாக்காரி ஓடத்தான் பாத்தா, பின்னாடி கதவு சாத்தியிருந்துச்சு. நெத்தி, மூக்கு, ரெண்டு கன்னம், கழுத்து, ஒரு எடம் விடாம பூசிவிட்டேன். தொப்பிக்காரரு வேணாம்னு சொன்ன அதே நலுங்குப் பாட்டத்தான் பாடிக்கிட்டே பூசுனேன். டைரட்டர் புள்ள மூலையில கேமராவத் தூக்கிட்டு நிக்கிது.

மஸ்கெலியாக்காரி கண்ண மட்டும் தொறந்து, "சிரிக்கவாச்சும் விடுங்க சம்பந்தி, வாயில போகுது" ன்னா.

"நல்லாச் சிரிங்க" ன்னேன். "கேமரா ஓடுது."